ஆழ்கடல் மாடலும் நல்லூர் மாடியும்

ஆழ்கடல் நீரோட்டத்தைக் கணிக்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு. நாம் சொன்னது தப்பென்று யாராவது நிரூபிக்க வரும்போது நாம் உயிரோடு இருக்கமாட்டோம்.

மற்றபடி எல்லாம் அவஸ்தைதான். செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாதவர்கள், வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் சும்மா இருப்பதாக எண்ணப்படுபவர்கள், ஆசைப்பட்டது ஓர் ஊரிலும் வாய்த்தது வேறோர் ஊரிலுமாக இருப்பவர்கள், எல்லோரும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

திருப்பூர் நல்லூரில் எங்கள் வீடு. கீழே அப்பாவின் தையல் யூனிட், மாடியில் நாங்கள். நான் படித்தது கடலியல். வேலை பார்த்தது வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பாதிப் பேச்சும் போனபோது, நிறுவனம் பெரிய மனது பண்ணி வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. அன்று முதல் ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, அண்டார்டிகா பக்கத்துக் கடல் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாடலிங்

வந்த புதிதில் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினாள். தரகர் ஒருவர் ஜாதகம் வாங்க வந்தார். பொண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார். அம்மாவுக்கு என் வேலையில் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டாள். "மாடலிங் பண்றாளுங்க. ஊட்டுல இருந்தேதானுங்க."

அதற்குப் பிறகு தரகரைக் காணோம். பனியன் பெட்டிமேல் படம் போடுகிற ஊரில் மாடலிங் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும், எங்கள் அம்மாவைத் தவிர. விஷயம் தெரிந்ததும் நானே அவருக்கு போன் போட்டேன். கடலைக் கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிப்போம், ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போடுவோம், காற்றில் கரியமில வாயு ஏற ஏற அந்தப் பெட்டிகளில் என்ன மாறும் என்று பார்ப்போம், இதற்குப் பெயர்தான் மாடல் என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நான் போட்டோவே கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கோணும் சாமி, நீங்க சொன்னதுக்கு அந்த மாடலிங்கே தேவலீங்க."

கடல் வெடித்த அன்று

ஆழ்கடலைப்போல் நிதானமான ஆள் உலகத்தில் கிடையாது. மேலே நடக்கிற மாற்றம் அடியில் உறைக்க நூற்றாண்டுகள் ஆகும். அதனால் சூடேற்றும் சோதனையைத் தொடங்குமுன், மாடலின் கடலை அதன் போக்கில் நெடுங்காலம் ஓடவிட வேண்டும். அடித்தண்ணீர் ஒரு நிலைக்கு வந்து படிய வேண்டும். இந்தப் படியவைக்கும் வேலை மட்டும் வாரக்கணக்கில் நடக்கும். கணக்குப் போடும் பெரிய இயந்திரம் நிறுவனத்தில் இருக்கிறது. நான் இங்கிருந்து அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவும் தினம் காலையில் என் அறை வாசலுக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, மிச்சமிருக்கும் வார்த்தைகளில் ஒன்றை எடுத்துக் கேட்பார். "ஓடுதா?"

ஒரு நாள் ஓடவில்லை. ஏதோ ஒரு குறுகிய நீரிணையில் தண்ணீரின் வேகம் கன்னாபின்னாவென்று ஏறி, பக்கத்துப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு மொத்தக் கணக்கும் சிதறிவிட்டது. இதை எங்கள் தொழிலில் மாடல் வெடித்துவிட்டது என்போம். நான் நண்பன் தேபாஷிஷுக்கு போன் செய்து, "போச்சு, கடலே வெடிச்சிருச்சு" என்று தமிழும் இங்கிலீஷுமாகக் கத்தினேன். தேபாஷிஷ் வங்காளத்துக்காரன், என் பிரிவில் வேலை பார்ப்பவன். அவன் சிரித்தான். அம்மா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து டி.வி.யைப் போட்டுப் பார்த்தாள்.

அப்பா பதறவில்லை. நாற்பது வருடம் மெஷின் ஓட்டியவர். நின்றுபோன மெஷினைப் பார்க்கும் அதே முகத்தோடு என் திரையைப் பார்த்தார். இடது கையால் என் தோளைத் தட்டினார். உதடுகள் பலமுறை அசைந்து, கடைசியில் ஒரு முழு வாக்கியம் வந்தது. நோய் வந்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம். அம்மா அழுதேவிட்டாள். அந்த வாக்கியம் இதுதான்: "ஜெனரேட்டரப் போடச் சொல்லு."

சித்தப்பாவின் தென்னங்கன்று

காங்கேயத்தில் என் சித்தப்பாவுக்குத் தோப்பு இருக்கிறது. நான் வானிலை ஆபீசில் இருப்பதாக அவர் நினைப்பு. திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளநீரோடு வந்தார். பழைய மரங்கள் பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன, புதுக் கன்று வைக்கலாமா, இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டார்.

இந்த வருஷ மழை எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த வருஷம்? அதுவும் தெரியாது. "பின்ன என்னதான் கண்ணு தெரியும்?" என்றார். இந்த நூற்றாண்டு முடிகிறபோது கடலின் ஆழத்து ஓட்டம் இப்போது இருப்பதைவிடத் தளர்ந்திருக்கும் என்று தெரியும் சித்தப்பா என்றேன். எவ்வளவு தளரும் என்பதில் மாடலுக்கு மாடல் சண்டை, ஆனால் தளரும் என்பதில் சண்டையில்லை என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் இளநீர்க் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தென்னை வைத்தால் காய்க்கச் சில வருடம் ஆகும். அவர் ஒரே மகன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான் என்று போன மாதம்தான் தெரியவந்தது. கன்று வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு மழை ஒரு சாக்கு. அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அத்தன வருஷத்துக்கு அக்கட்ட தெரியுதுன்னா, என்ற பையன் திரும்பி வருவானான்னு அதுல ஒருக்கா போட்டுப் பாரு கண்ணு."

முழுக்கை

எங்களுக்குத் துணி கொடுத்துத் தைத்து வாங்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒரு நாள் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரைக் கூட்டி வந்தது. வட ஐரோப்பாவில் கடலோரத்து ஆள். நரைத்த தலை, மெல்லிய குரல். தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்த்துவிட்டு, மாடியில் யார் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் சுப்பிரமணி அண்ணன் பெருமையாக, "ஓனர் டாட்டர் சார், சயின்டிஸ்ட், ஓஷன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் மாடிக்கு வந்துவிட்டார். வந்தவர் துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஊர்க் கடலைப் பற்றித்தான் கேட்டார். அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் மேலாக வடக்கே போகிறது, அங்கே குளிர்ந்து கனமாகி அடியில் இறங்கித் தெற்கே திரும்புகிறது, அவர் ஊருக்கு வரும் இதத்தில் ஒரு பங்கு அந்த ஓட்டம் கொண்டுவருவது என்று காட்டினேன். பனி உருகி நல்ல தண்ணீர் கலந்தால் மேல்தண்ணீர் லேசாகிவிடும், இறங்காது. ஓட்டம் இந்த நூற்றாண்டில் தளரும் என்றுதான் எல்லா மாடலும் சொல்கின்றன. அப்படியானால் உலகம் சூடாகும்போது அவர் ஊர்ப்பக்கம் குறைவாகச் சூடாகலாம். ஒருவேளை ஓட்டம் நின்றே போனால் குளிர்காலம் கடுமையாகும். நூற்றாண்டு முடிவதற்குள் அப்படி நிற்காது என்பதுதான் பெரும்பாலும் எங்கள் எண்ணம், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன் என்றேன்.

அவர் பையிலிருந்து போனை எடுத்து ஒரு மரவீட்டைக் காட்டினார். சாம்பல் நிறக் கடலைப் பார்த்த ஜன்னல். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள், நான் வருஷத்தில் பாதி நாள் ஆசியாவில் அலைகிறேன் என்றார். அவரும் நானும் ஒருவர் கடலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சுப்பிரமணி அண்ணன் மரியாதையாக அவரை வழியனுப்பிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். மூச்சு வாங்க, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங் கண்ணு, அங்க குளிர் ஜாஸ்தியாச்சுன்னா நம்முளுக்கு முழுக்கை ஆர்டர் வருமுங்களா?"

அடித்தண்ணி

ரோஸ்லின் அக்கா கீழே செக்கிங் டேபிளில் இருப்பவர். தைத்து வரும் பனியனில் நூல் பிசிறு நறுக்கி, ஓட்டை பார்த்து, மடித்து அடுக்குவார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமம். கணவர் மீன்பிடிக்கப் போனவர், ஒரு புயலில் படகோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளோடு திருப்பூருக்கு வந்துவிட்டார். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். அவராக ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு மதியம் அம்மாவைத் தேடி மாடிக்கு வந்தவர் என் திரையின் முன்னால் நின்றுவிட்டார். இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் நீல நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தெரிந்த கரையைப் பார்த்து, "இது எங்கூருல்லா" என்றார். ஆமாம் என்றேன். இந்த நீலம் என்ன என்று கேட்டார். ரொம்பக் குளிர்ந்த தண்ணீர் அக்கா, அண்டார்டிகா ஓரத்தில் பனிக்கட்டி உறையும்போது உப்பு பிரிந்து கனமான தண்ணீர் அடிக்கு இறங்குகிறது, தரையோடு தரையாக ஊர்ந்து நம் பக்கம் வரைக்கும் வருகிறது என்றேன்.

"வந்து?"

"மெதுவா மேல ஏறும்."

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். கை ஈரமாக இல்லை. "அப்பம் அடியில கெடக்குத தண்ணி மேல வருமா தங்கச்சி?"

வரும், ஆனால் பல நூறு வருடம் ஆகும் என்று சொல்லும்போதே அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் திரையைத் தொடப்போவதுபோல் விரலை நீட்டி, தொடாமல் மடக்கிக்கொண்டார். "எத்தன வருசமும் ஆவட்டும். வரும்னு சொல்லுதீயல்லா, அது போதும்."

கப்பல்

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. என் மாடலில், அண்டார்டிகா ஓரத்தில் அந்தக் கனத்த தண்ணீர் சரிவில் இறங்கும் இடம் ஒரு சில பெட்டிகள்தான். நிஜத்தில் அது மெல்லிய தாரையாக, பள்ளம் பார்த்து வழிவது. பெட்டி பெரிது, தாரை சிறிது. அதனால் அந்த இடத்தில் மட்டும் நாங்கள் தோராயமாக ஒரு கணக்கை வைத்து ஒப்பேற்றுகிறோம். என் வாழ்க்கையில் இத்தனை வருடம் அந்தப் பெட்டிகளோடு போயிருக்கிறது. அங்கே போய், கருவியை இறக்கி, நிஜத்தில் அது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், தண்ணீர் என்ன நிறம், இதெல்லாம் எந்தப் பெட்டியிலும் கிடையாது.

அண்டார்டிகா பக்கத்துத் தென்கடல் பயணத்துக்கு ஒரு மாடல்காரர் தேவை என்று நிறுவனத்திலிருந்து அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன். கிடைத்தது. கம்பளிக் கையுறைகூட வாங்கிவிட்டேன். திருப்பூரில் வெயிலில் கையுறை கேட்டவள் நானாகத்தான் இருப்பேன். கிளம்பப் போகும் சமயத்தில் அப்பாவுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, எனக்குப் பதில் தேபாஷிஷை அனுப்புங்கள் என்று எழுதினேன். அம்மா அன்று முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

தேபாஷிஷ் நல்லவன். கப்பலிலிருந்து எப்போது தொடர்பு கிடைத்தாலும் என்னைக் கூப்பிடுவான். அப்பா வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அழைப்பு வந்தது. நான் குறித்துக் கொடுத்திருந்த இடத்துக்கே வந்துவிட்டார்களாம், கருவி இறங்கிக்கொண்டிருக்கிறதாம். காற்றின் இரைச்சல் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, எப்படி இருக்கிறது, சொல்லேன் என்றேன். அவன் பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து பலர் ஒரே நேரத்தில் "ஓ!" என்று கூவும் சத்தமும் கைத்தட்டலும் வந்தன. எதைப் பார்த்துக் கூவினார்களோ. திமிங்கிலமோ, பனிமலை சரிந்ததோ. தேபாஷிஷ் கொஞ்சம் தயங்கினான். பிறகு இங்கிலீஷில் சொன்னான்: "இங்க வெறும் பனிமூட்டம்தான் கோகிலா, உன் ஸ்கிரீன்ல இதைவிட நல்லாத் தெரியும்."

முடிவு வந்த வாரம்

அவர்கள் அளந்து அனுப்பியதை வைத்து அந்தச் சரிவின் கணக்கைச் சரிசெய்து மாடலை மறுபடி ஓட்டினோம். உருகும் பனியின் தண்ணீரையும் சேர்த்தோம். தொடக்கத்தில் சிறுசிறு வித்தியாசம் வைத்து ஒரே சோதனையைப் பலமுறை ஓட்டுவது வழக்கம், தற்செயலை நம்பி ஏமாறாமல் இருக்க. இந்த முறை எல்லா ஓட்டங்களும் ஒரே பக்கம் சாய்ந்தன. மேல்தண்ணீர் லேசாகிறது. இறங்குவது குறைகிறது. அடியில் கிடக்கும் தண்ணீர் அங்கேயே இன்னும் நெடுங்காலம் தேங்குகிறது, மெல்லச் சூடாகிறது.

வீடியோவில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் சிரித்தேன். வருடக்கணக்காகத் தேடியது கைக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் வந்தது என்ன என்று யோசித்தபோது சிரிப்பு என்னிடம் நிலைக்கவில்லை. நாங்கள் சரியென்று நிரூபித்திருப்பது, நடக்கக்கூடாது என்று நினைத்ததைத்தான்.

அன்று சாயங்காலம் ரோஸ்லின் அக்கா கேட்டார். அம்மா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்திருந்தாள். "என்ன கண்டுபிடிச்சிய தங்கச்சி?" பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரிடம் மட்டும் முடியவில்லை. அங்கே தண்ணீர் முன்போல இறங்கப்போவதில்லை அக்கா, அதனால் அடியில் இருப்பது மேலே வர நாங்கள் நினைத்ததைவிட ரொம்பத் தாமதமாகும் என்றேன்.

அவர் கையிலிருந்த பனியனை மடித்தார். விளிம்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். அடுக்கின்மேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். "சரி, அவுக அங்கனயே இருக்கட்டும். நான் இங்கன இருக்கேம்லா."

துறைமுக வாசல்

கப்பல் கோவாவுக்குத் திரும்பியது. அப்பாவை அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் விட்டுவிட்டு ரயிலேறினேன். தேபாஷிஷை வரவேற்க என்று வீட்டில் சொன்னேன். அவனுக்கே தெரியும், நான் வந்தது அவனைப் பார்க்க அல்ல.

உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டுமாம். என்னிடம் இல்லை. வாசலிலேயே நின்றேன். கம்பிகளுக்கு அப்பால் கப்பலின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. சிவப்பு பெயின்ட் பட்டைபட்டையாக உரிந்திருந்தது. பனிக்கட்டி சுரண்டியதாக இருக்கும். கருவியை இறக்கும் இரும்புக் கை ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அதன் கயிறுதான் அந்த ஆழம்வரை போய் வந்தது. தேபாஷிஷ் தாடியோடு வெளியே வந்து என்னென்னவோ சொன்னான். இந்த முறை பனிமூட்டம் என்று சொல்லவில்லை. பனிமலை நீலமாக இருக்கும் என்றான், உள்ளிருந்து விளக்குப் போட்டமாதிரி. டீ சாப்பிடலாம் வா என்றான். நீ போ, வருகிறேன் என்றேன்.

நான் நகராமல் நிற்பதைக் காவலர் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான மனிதர், இந்திக்காரர். நாற்காலியை எடுத்து என் பக்கம் போட்டு, யாராவது சொந்தக்காரர் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். போக வேண்டியிருந்தது, போக முடியவில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் கப்பலைத் திரும்பிப் பார்த்தார். அது ஏதோ அவர் வீட்டு மாடு போலச் சாதாரணமாகச் சொன்னார்: "கப்பல் திரும்பப் போகும் மேடம், நீங்க திரும்ப வாங்க."

ஆக மொத்தம் சொல்வதென்றால், இந்தத் தொழிலில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, கடலைத் தவிர.